பழைய வேனுக்குக் கைவேலையில் ஒரு மூளை

ஜக்கார்டுத் தறியில் அமர்ந்து வேலை செய்பவருக்கு அட்டையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த அப்பொறியில், அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி தள்ளப்படாமல் நிற்கும். அதன் கொக்கி கத்தியில் மாட்டி மேலெழும். பாவிழையும் உடன் எழும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். எந்த இழை எப்போது எழ வேண்டும் என்பதைத் தறி அறியாது, அட்டையே அறியும். அந்த அட்டை நைந்து, மாற்று அட்டை குத்தித் தருவோரும் இல்லாமற் போனால், தறியின் மரமும் இரும்பும் எத்துணை உறுதியாக இருந்தும் பயன் யாது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய வோக்ஸ்வாகன் வேன்களை வைத்திருப்போர் பலருக்கு இப்போது நேர்ந்திருப்பது ஏறக்குறைய இத்தகைய நிலைதான். வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது, எஞ்சினும் பழுதற்றது, ஆனால் அதற்கு எப்போது, எவ்வளவு பெட்ரோல் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் சிறு மின்பெட்டி கெட்டுவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த அப்பெட்டிக்குப் புதிய பிரதி கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. இந்நிலையில் சிலர் துணிந்து, சாப்பாட்டு மேஜையின் மீதே பற்றுக்கோலும் ஈயக்கம்பியும் வைத்துக்கொண்டு, தம் வேனுக்குத் தாமே ஒரு புது மூளையைச் செய்து பொருத்துகிறார்கள். அவ்வேலை எத்தகையது, அதில் இலாபம் எது, அபாயம் எது என்பனவற்றை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பம்புசெட்டு எஞ்சினைக் கையாண்ட விவசாயிக்கும், டாபியும் ஜக்கார்டும் அறிந்த நெசவாளிக்கும் இதில் விளங்காதது மிகுதியாக இராது.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டொரு சொல். 1947-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து வியாபாரி பென் பான் என்பவர் தம் குறிப்புப் புத்தகத்தில் பெட்டி போன்ற ஒரு வண்டியைக் கோடுகளால் வரைந்து காட்டினார். அதிலிருந்து பிறந்ததே இந்த வேன். 1950-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க்கில் உற்பத்தி தொடங்கிற்று. 1956-இல் ஹானோவருக்கு மாறிற்று. எஞ்சின் பின்புறத்தில் இருக்கும். நான்கு சிலிண்டர்கள், இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்தவை. நெடுங்காலம் காற்றினாலேயே குளிர்விக்கப்பட்டது. 1979-இல் வந்த மூன்றாம் தலைமுறை வேனில், 1982-க்குப் பின் நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் இடம் பெற்றது. அமெரிக்காவில் இதற்கு வானகன் என்று பெயர். ஜெர்மனியில் இத்தலைமுறையின் பெரும்பகுதி உற்பத்தி 1990-இல் முடிந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 1992 வரையிலும், தென்னாப்பிரிக்காவில் 2002 வரையிலும் தொடர்ந்தது. உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்துக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்ல ஏற்ற வண்டியாதலால், உரிமையாளர்கள் இதை எளிதில் கைவிட மனங்கொள்வதில்லை.

பழைய பெட்டி செய்த வேலை

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: காற்று, பெட்ரோல், உரிய தருணத்தில் ஒரு தீப்பொறி. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். கார்புரேட்டரில் காற்று விரைந்து செல்லும்போது உண்டாகும் உறிஞ்சலே பெட்ரோலை இழுத்துக் கலக்கிறது. எளிய ஏற்பாடு, மலிவானது, கல்லெறியும் சாலையில் நின்றுவிட்டாலும் ஒரு திருப்புளியால் சரிசெய்யத் தக்கது. ஆயினும் குளிரிலும் வெயிலிலும், மலையேற்றத்திலும் சமவெளியிலும் ஒரே அளவான கலவையை அது தரவல்லதன்று.

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தபோது, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டிலேயே டி-ஜெட்ரோனிக் என்னும் மின்னணுப் பெட்ரோல் தெளிப்பு முறையை வோக்ஸ்வாகன் 1600 காரில் பொருத்தியது. 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. எஞ்சினுக்குள் போகும் குழாயிலுள்ள காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் கணித்தது அது. பின்னர் வந்த எல்-ஜெட்ரோனிக்கில் காற்றோட்டத்தின் வழியில் ஒரு கதவு வைத்தார்கள். காற்று மிகுந்தால் கதவு மிகுதியாகத் திறக்கும். கதவோடு இணைந்த தொடுமுள் ஒரு மின்தடைத் தடத்தின் மேல் நகரும். அதிலிருந்து வரும் மின்னழுத்தமே காற்றின் கணக்கு. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வேன்களில் 1975 மாதிரியிலிருந்து இம்முறை வந்தது. நீரால் குளிரும் எஞ்சின்களில் முதலில் டிஜிஜெட், பின் 2.1 லிட்டர் எஞ்சினில் டிஜிஃபான்ட் என்று பெயர்கள் மாறினவேயன்றி, அந்தக் கதவு மாறவில்லை. டிஜிஜெட் பெட்ரோலை மட்டும் கவனித்தது. டிஜிஃபான்ட் தீப்பொறியின் நேரத்தையும் சேர்த்துக் கவனித்தது.

கதவின் தொடுமுள் ஆண்டுக்கணக்கில் ஒரே தடத்தில் உரசி உரசி, நெடுஞ்சாலை வேகத்திற்குரிய இடத்தில் தடத்தைத் தேய்த்துவிடுகிறது. வண்டி ஒரு மணி நேரம் சீராக ஓடிவிட்டு, திடீரென்று வலிவிழந்து குலுங்கும். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நேராததுபோல் ஓடும். இது வானகன் உரிமையாளர்களிடையே ஒரு பெயர்பெற்ற நோய். குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சர் கெடுவதும் இவ்வாறே. அதில் 20 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 2,500 ஓம் தடை இருக்கும். 80 டிகிரியில் அது முந்நூற்றுச் சொச்சம் ஓமாகக் குறையும். ஒயரின் முனை துருப்பிடித்துத் தடை கூடிவிட்டால், பெட்டி எஞ்சினைக் குளிர்ந்ததென்று எண்ணி வேண்டாத பெட்ரோலை வார்க்கும். ஆகவே 'பெட்டி கெட்டது' என்று முடிவு கட்டுமுன் பத்து ரூபாய் ஒயரையும் பூமி இணைப்பையும் பார்த்துவிடுவது நன்று. பழுது பெட்டியில் இல்லை, அதற்குச் செல்லும் ஒயரில் என்று பின்னால் கண்டு வருந்தியவர் பலர்.

புது மூளை

வீட்டிலேயே எஞ்சின் பெட்டி செய்யலாம் என்ற வழியைப் பலருக்கும் திறந்துவிட்டவர்கள் அமெரிக்கர்களான புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர். 2001-ஆம் ஆண்டில் அவர்கள் மெகாஸ்குவர்ட் என்னும் பெட்டியின் வரைபடத்தை வெளியிட்டார்கள். அதன் நடுவில் இருந்தது மோட்டோரோலாவின் 8-பிட்டு மைக்ரோகண்ட்ரோலர். நிரலுக்கு 32 கிலோபைட்டு இடம். தற்காலிக நினைவுக்கு 512 பைட்டு மட்டுமே. இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் மலையின் முன் மணல்துகள் எனலாம். எனினும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் அளக்க அதுவே போதியதாயிற்று. பாகங்களெல்லாம் பலகையின் துளைகளில் கால் நுழைத்துப் பற்றவைக்கும் வகையினவாதலால், கை நடுங்காத எவரும் செய்யத்தக்கதாக இருந்தது.

பின்னர் 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவர்களுக்காகத் தோன்றிய ஆர்டுயினோ பலகைகள் உலகெங்கும் பரவின. அவற்றுள் மெகா 2560 என்னும் பலகையையே மூளையாகக் கொண்டு ஸ்பீடுயினோ என்ற முறை எழுந்தது. அதன் நிரலும் வரைபடமும் எவரும் படித்துத் திருத்தத் தக்கவாறு திறந்துவைக்கப்பட்டுள்ளன. பலகையின் கடிகாரம் ஒரு விநாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கிறது. இந்த வேகம் போதுமா என்று ஐயுறுவோர், எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழல்வதாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 55 மைக்ரோவிநாடி. அந்த ஒரு டிகிரி திரும்புவதற்குள் கடிகாரம் 890 முறை துடித்துவிடும். ஆகவே வேகத்திற்குக் குறைவில்லை.

இனி, பெட்ரோலை எவ்வாறு அளக்கிறது? வீட்டுப்பெட்டி செய்வோர் பெரும்பாலும் பழைய கதவை அடியோடு கழற்றி எறிந்துவிட்டு, உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தை அளக்கும் சிறு சென்சரை வைக்கிறார்கள். 1967-இன் டி-ஜெட்ரோனிக் வழிக்கே திரும்பிவிட்டார்கள் என்பது இதிலுள்ள வேடிக்கை. அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சினின் சுற்று ஆகிய மூன்றும் தெரிந்தால், சிலிண்டருக்குள் எத்தனை கிராம் காற்று புகுந்தது என்று கணிக்கலாம்.

ஓர் உதாரணம் காண்போம். 2.1 லிட்டர் எஞ்சினின் கொள்ளளவு 2,109 கன சென்டிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 527. சாதாரண காற்றழுத்தத்தில், 20 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிராம். சிலிண்டர் நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்தால் அரை கிராம் காற்று. அதை 14.7-ஆல் வகுத்தால் 34 மில்லிகிராம் பெட்ரோல்; அதாவது ஒரு கன சென்டிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நிமிடத்திற்கு 200 கன சென்டிமீட்டர் தெளிக்கும் இன்ஜெக்டராயின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 14 மில்லிவிநாடி திறந்திருக்க வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போது இது மூன்று, மூன்றரை மில்லிவிநாடியாகச் சுருங்கும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் இன்ஜெக்டரின் ஊசி எழுந்துவிடுவதில்லை. ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி தாமதிக்கும். பாட்டரியின் வலு குறைந்தால் இன்னும் தாமதிக்கும். மூன்றரையில் அரை மில்லிவிநாடி பிசகினாலும் கலவை ஏழில் ஒரு பங்கு மாறிவிடுமன்றோ? இரவில் முன்விளக்கைப் போட்டவுடன் எஞ்சின் தள்ளாடினால், இத்திருத்தத்தை எழுத மறந்தார்கள் என்று கொள்ளலாம்.

ஜக்கார்டு வடிவம் வரைவோர் கட்டம்போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் நிரப்புவதுபோல, இங்கும் ஒரு கட்டத்தாள் உண்டு. குறுக்கே எஞ்சினின் சுற்று, நெடுக்கே அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும், அந்நிலையில் சிலிண்டர் நூற்றுக்கு எத்தனை பங்கு நிறையும் என்ற எண். முதல் மெகாஸ்குவர்ட்டில் எட்டுக்கு எட்டாக 64 கட்டம். ஸ்பீடுயினோவில் பதினாறுக்குப் பதினாறாக 256. நெசவில் கட்டத்திற்குக் கட்டம் நிறம் சட்டென்று மாறலாம். எஞ்சினிலோ அப்படி மாறினால் ஓட்டுபவருக்கு உதைத்தாற்போல் இருக்கும். ஆதலால் நான்கு கட்டங்களுக்கு நடுவில் நின்றால், நான்கின் எண்களையும் தூரத்திற்கேற்பக் கலந்து ஓர் எண்ணை மைக்ரோகண்ட்ரோலர் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

ஒரு பல் இல்லாத சக்கரம்

எண்ணெல்லாம் சரியாயினும், பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாவிட்டால் அனைத்தும் வீண். அமெரிக்காவில் இவ்வேலையில் இறங்கியவர்கள் பழைய இரும்புக் கிடங்குகளில் கண்டெடுத்த அரும்பொருள் ஒன்றுண்டு. 1990-களின் ஃபோர்டு எஸ்கார்ட் கார்களில் எடிஸ் என்னும் தீப்பொறிப் பெட்டி இருந்தது. அதற்குரிய சக்கரத்தில் 36 பற்களுக்கு இடம். ஆனால் ஒரு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். பல்லுக்குப் பல் பத்து டிகிரி. காந்தச் சென்சரின் முன்னே பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல, பல் இல்லாத இடைவெளி வந்ததும் 'இதுவே தொடக்கம்' என்று பெட்டி கண்டுகொள்கிறது. விழாப் பந்தியில் இலைகளை எண்ணிக்கொண்டே வருபவருக்கு நடுவில் ஒரு வெற்றிடம் அடையாளமாவது போல.

இச்சக்கரத்தை வேன் எஞ்சினின் கிராங்குக் கப்பியில் பொருத்துவது தச்சு வேலையும் கொல்லு வேலையும் கலந்தது. சக்கரம் நடு விலகித் தள்ளாடினால், சென்சருக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். குறைந்த வேகத்தில் குறி தவறும். சென்சரைத் தாங்கும் இரும்புக் கை அதிரக்கூடாது. மின்னணுவைப் பற்றி இரவெல்லாம் படித்துத் தெளிந்தவர்கள், இந்த இரும்புக் கையை மெல்லிய தகட்டில் வளைத்துவிட்டு, மாதக்கணக்கில் நிரலில் பிழை தேடியிருக்கிறார்கள்.

எடிஸ் பெட்டியில் போற்றத்தக்க குணம் ஒன்று. மைக்ரோகண்ட்ரோலரிடமிருந்து கட்டளை வராமற் போனால், அது தானாகவே பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்னதாகத் தீப்பொறி கொடுத்துக்கொண்டிருக்கும். பெட்ரோலை வேறு வழியில் கொடுக்கும் கார்புரேட்டர் வண்டியாயின், மூளை செத்தாலும் மெல்ல ஊர்ந்து வீடு சேரலாம். இதனாலேயே முதல் முயற்சியாகத் தீப்பொறியை மட்டும் மாற்றிவிட்டு, கார்புரேட்டரை ஓராண்டு அப்படியே விட்டுவைப்பவர்களின் முறையை யான் மெச்சுகின்றேன். தேய்ந்து ஆடும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு போய்விடும். பாயின்டைத் தேய்த்துச் சீராக்கும் தொல்லையும் போய்விடும். எஞ்சினுக்கு நேரக்கூடிய கேடும் குறைவு. இம்முறையில் இரண்டு காயில்கள் போதும். 1-4-3-2 என்று எரியும் இந்த எஞ்சினில் ஒன்றாவதும் மூன்றாவதும் ஒரு காயிலுக்கு. நான்காவதும் இரண்டாவதும் மற்றொன்றுக்கு. ஒவ்வொரு முறையும் இணையில் ஒரு தீப்பொறி, புகை வெளியேறும் சிலிண்டரில் வீணே விழும், அதனால் தீங்கில்லை.

மேஜையிலிருந்து வண்டிக்கு

பற்றவைப்பது ஓரிரு மாலைப்பொழுதின் வேலை. அதைவிட நெடிது அதன்பின் வரும் சோதனை. எஞ்சினில் பொருத்துமுன், சக்கரத்தின் குறிகளைப் போலியாக உண்டாக்கித் தரும் சிறு கருவியோடு பெட்டியை இணைத்து, மேஜையிலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். சுழற்றும் பொத்தானைத் திருப்பினால் கணினித் திரையில் வேகம் ஏற வேண்டும். இன்ஜெக்டருக்குப் பதிலாக வைத்த விளக்குகள் முறையாக மின்ன வேண்டும். ஒரு முழு நாள் இவ்வாறு ஓடியும் தடுமாறாத பெட்டியையே வண்டிக்கு அருகில் கொண்டுபோக வேண்டும்.

வண்டியோ மேஜையைப் போல் அமைதியான இடமன்று. ஸ்டார்ட்டரை முடுக்கும்போது 12 வோல்ட் பாட்டரி 9 வோல்ட் வரையிலும், குளிர்காலத்தில் அதற்குக் கீழும் தாழும். ஆல்டர்னேட்டர் மின்னேற்றும்போது பாட்டரி ஒயர் கழன்றால் ஒரு கணத்தில் நூறு வோல்ட்டுக்கு மேல் பாயக்கூடும். 5 வோல்ட்டில் வாழும் மைக்ரோகண்ட்ரோலருக்கு இது இடிவிழுந்த கதை. ஆகவே உள்ளே வரும் மின்சாரத்திற்கு வாயிற்காவலனாக மிகைமின்னைக் கடத்திவிடும் டயோடும், மோட்டார் வண்டிக்கென்றே செய்த ரெகுலேட்டரும் இருந்தே தீர வேண்டும். பரிசோதனைப் பலகையில் செருகிய ஒயர்களோடு அப்படியே வண்டியில் வைப்பது, பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியேற்றுவதை ஒக்கும்.

பூமி இணைப்பைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. சென்சர்களின் பூமி ஒயர்கள் யாவும் பெட்டிக்கே திரும்ப வேண்டும். பெட்டியின் பூமி ஒயர்கள் எஞ்சினின் உடலில் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஒன்றை வண்டியின் கூட்டிலும் மற்றொன்றை எஞ்சினிலுமாகக் கட்டினால், இரண்டுக்கும் இடையே தோன்றும் சிறு மின்னழுத்த வேறுபாட்டைப் பெட்டி வெப்பமென்றும் அழுத்தமென்றும் தவறாகக் கொள்ளும். காந்தச் சென்சரின் ஒயருக்கு மேலுறை வேண்டும்; அவ்வுறையை ஒரு முனையில் மட்டுமே பூமியோடு இணைக்க வேண்டும்; ஸ்பார்க் பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்டலாகாது. இந்நான்கு வாக்கியங்களையும் மதியாததால் நேர்ந்த தொல்லைகளே, இத்துறையில் எழும் முறையீடுகளில் பெரும்பாலானவை.

முதன்முறை எஞ்சினைக் கிளப்புமுன் இன்ஜெக்டர்களின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஸ்ட்ரோப் விளக்கால் தீப்பொறியின் நேரத்தைப் பார்க்க வேண்டும். திரையில் 10 டிகிரி என்று நிலைநிறுத்தினால் கப்பியிலும் 10 டிகிரியே தெரிய வேண்டும். திரை ஒன்று சொல்ல, கப்பி மற்றொன்று சொன்னால் கப்பியையே நம்புக. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் வேகத்தை ஏற்றி, மறுமுறையும் பார்க்க வேண்டும்; சென்சரின் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தால், வேகம் ஏற ஏற நேரம் நழுவிச் செல்வது அப்போதுதான் வெளிப்படும். இச்சோதனையைத் தவிர்த்துவிட்டு மலைப்பாதையில் ஏறியவர் பிஸ்டனின் தலையில் ஓட்டையோடு இறங்க நேரிடும். தீப்பொறி மிக முந்தினாலும், சுமையில் பெட்ரோல் குறைந்தாலும், சிலிண்டருக்குள் கலவை தானே வெடித்துத் தட்டும். காற்றால் குளிரும் எஞ்சினில் அந்தத் தட்டும் ஓசை விசிறியின் இரைச்சலில் மறைந்துவிடும். காதுக்கு எட்டாத கேடு என்பதால் அதற்கு இரட்டிப்பு அச்சம் வேண்டும்.

கட்டத்தாளை நிரப்புதல்

எஞ்சின் ஓடிவிட்டது என்பது வேலை முடிந்ததாகாது. புகைக்குழாயில் ஒரு பிராணவாயுச் சென்சர் பொருத்தப்படும். பழைய வேனிலிருந்த குறுகிய வகை, கலவை மிகுதியா குறைவா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அகன்ற வகை எண்ணாகவே சொல்லும். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கட்டத்தையும் திருத்துகிறார்கள். ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து கணினியைக் கவனிப்பதே முறை. ஓட்டுபவரே திரையையும் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். இப்போது நிரலே பதிவுகளை ஆராய்ந்து கட்டங்களைத் திருத்தித் தருவதுமுண்டு. ஆயினும் புகைக்குழாயில் சிறு ஓட்டையிருந்து வெளிக்காற்று புகுந்தால் சென்சர் பொய் சொல்லும், நிரலும் அப்பொய்யை நம்பிக் கட்டங்களையெல்லாம் கெடுத்துவிடும்.

சூடேறிய எஞ்சினுக்குக் கட்டம் நிரப்ப நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும். விடியற்காலையில் உறைபனியில் நின்ற வண்டியை முதல் சுழற்சியிலேயே கிளப்புவதுதான் கடினம். எஞ்சின் ஒரு நாளில் ஒருமுறைதான் முற்றக் குளிர்ந்திருக்கும். ஒருமுறை தவறினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். கிளப்பும்போது எவ்வளவு, கிளம்பியவுடன் எவ்வளவு, சூடேறும்வரை எவ்வளவு என்று மூன்று தனிக்கணக்குகள். ஒவ்வொன்றும் வெப்பத்திற்கேற்ப மாறும். ஆகவே ஜெர்மனியிலோ கனடாவிலோ இவ்வேலை ஒரு முழுக் குளிர்காலத்தையும் கடந்தாலன்றி முற்றுப்பெறாது. விதைத்த மறுநாள் அறுக்கக் கருதுபவர் இதில் இறங்காதிருப்பதே நலம்.

தீயும் சட்டமும்

பழைய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வெறும் மூச்சுக்காற்றளவு அழுத்தத்தில் வரும். இன்ஜெக்டருக்கோ வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு அழுத்தம். குழாயில் ஊசிமுனை ஓட்டையிருந்தால் சொட்டாது, பீச்சும். பீச்சுமிடமோ கொதிக்கும் எஞ்சினின் மேல். இந்த வேன்களில் தீ விபத்து புதிதன்று. நைந்த ரப்பர்க் குழாயே அதற்கு அடிக்கடி காரணம். பழைய காற்றுக்குளிர் எஞ்சின்களில் ஒரு வகையின் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. அது பற்றிக்கொண்டால் நீர் ஊற்றுவது தீயை வளர்க்குமேயன்றி அணைக்காது. ஆகவே குழாய்கள் அனைத்தையும் அழுத்தத்திற்குரிய புதுக்குழாய்களாக மாற்றாமல் இன்ஜெக்டர் வைப்பது அறிவுடைமையன்று. பெட்ரோல் பம்பின் ரிலே பெட்டியின் ஆணையிலேயே இருக்க வேண்டும்: சாவி போட்டவுடன் இரண்டு விநாடி ஓடி நிற்பது, எஞ்சின் சுழன்றால் மட்டும் தொடர்வது, வண்டி மோதி எஞ்சின் நின்றால் தானும் நிற்பது. ரிலேயை நேரே சாவியோடு இணைத்துவிட்டு 'பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்' என்பவர்கள், கவிழ்ந்த வண்டியில் பம்பு இறைத்துக்கொண்டே இருக்கும் காட்சியை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டமும் இடத்திற்கு இடம் மாறும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976-க்குப் பிந்திய வேனில் அங்கீகாரம் பெறாத பெட்டி கண்டால் சோதனையில் தேறாது. புகை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அப்படியே. ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்த வண்டிக்குத் தொன்மை வண்டி என்று தனி எண் வழங்கும் வழக்கம் உண்டு. அதற்கு வண்டி தன் காலத்து அமைப்பில் இருத்தல் வேண்டும். செய்த மாறுதலைத் தகுந்த பரிசோதகரிடம் காட்டி ஒப்புதல் பெறாவிட்டால், விபத்து நேர்ந்த நாளில் இன்ஷூரன்சுக்காரர் கைவிரிக்கக் கூடும். பல மாதம் உழைத்துப் பழையதினும் தூயதாக எரியும் எஞ்சினைச் செய்தவருக்கு இது கசப்பாகவே இருக்கும். ஆனால் வீட்டு மேஜையில் செய்த பெட்டிகளுள் நல்லது எது, புகை கக்குவது எது என்று சோதனைச் சாவடியில் நிற்பவர் எவ்வாறு பகுத்தறிவார் என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

பழைய பெட்டி நன்றாக இயங்குமானால் அதைத் தொடாதிருப்பதே என் கருத்து. கெட்டுவிட்டதாயின், பழைய பெட்டிகளைப் பழுதுபார்த்துத் தருவோர் இருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்கலாம். அதுவும் இயலாத இடத்தில், அல்லது வேறு எஞ்சினை மாற்றிவைத்ததால் பழைய பெட்டி பொருந்தாத இடத்தில், கைவேலைப் பெட்டிக்கு நியாயம் உண்டு. அங்கும் கழற்றிய கதவையும் பழைய ஒயர்க்கட்டையும் எறிந்துவிடாமல், சீட்டு எழுதிக் கட்டிப் பரணில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வழியில் பல்லாயிரம் மைல் ஓடியவர்கள் வழக்கமாக எடுத்துச் செல்வன சில: அதே நிரலும் அதே கட்டத்தாளும் ஏற்றப்பட்ட மாற்றுப் பலகை ஒன்று, உதிரிக் காந்தச் சென்சர் ஒன்று, ரிலே இரண்டு. பெட்டியின் மூடியின் உட்புறத்தில், எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று எழுதிய தாளை ஒட்டியிருப்பார்கள். செய்தவர் வண்டியில் இல்லாத நாளில், மலையடிவாரத்து மெக்கானிக்கு ஒருவர் அந்த மூடியைத் திறக்க நேர்ந்தால், அவருக்கு அகப்படும் ஒரே ஆவணம் அதுதான்.